சிட்டியை மறுபடி எழுப்பலாமா?

டிசம்பரில் வண்டூரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. கடிகாரம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் சென்னைக்குக் கிழக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் தீவுக்கு அந்தக் கணக்கு ஒத்துவருவதில்லை. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 செப்டம்பர் வரை இதன் பெயர் போர்ட் பிளேர்) சுமார் 30 கி.மீ. தள்ளி இருக்கும் இந்தத் தெற்கு அந்தமான் கிராமத்துக்குக் காலையில் வரும் சுற்றுலாப் பயணிகள், படகேறிப் பவளப்பாறைகளைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். மிஞ்சுவது நீண்ட மாலைப்பொழுது. அதைக் கழிக்கப் பெரும்பாலான வீடுகளில் இருப்பது திரை ஒன்றுதான்.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை அந்தத் திரையில் எதைப் பார்ப்பது என்பது பெரிய கேள்வியே அல்ல. தீவுகளின் இணையத் தொடர்பு முழுக்க முழுக்க செயற்கைக்கோளை நம்பியிருந்தது. வேகம் குறைவு, கட்டணம் அதிகம். தொலைக்காட்சியில் வந்ததைப் பார்த்தார்கள். அல்லது சென்னையிலிருந்து கப்பலிலோ விமானத்திலோ வந்தவர் பென் டிரைவில் கொண்டுவந்ததைப் பார்த்தார்கள். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. சுமார் 2,300 கி.மீ. நீளம், 1,224 கோடி ரூபாய் செலவு. அன்று முதல் அந்தமான் வீட்டின் பிரச்சினையும் மயிலாப்பூர் வீட்டின் பிரச்சினையும் ஒன்றாகிவிட்டன: எல்லாப் படமும் இருக்கிறது, எதைப் பார்ப்பது?

இந்தக் கேள்வியில் ஒரு சங்கடமான கிளை உண்டு. ஒரு காலத்தில் உயிராக நேசித்த படத்தை மறுபடி பார்ப்பதா? அல்லது நினைவில் இருப்பது நினைவிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுவதா? விஞ்ஞானக் கதைகளுக்கு இந்தச் சங்கடம் மற்றவற்றைவிட அதிகம். காதல் படம் பழசானால் அதற்கு ஒரு மெருகு கூடுகிறது. எதிர்காலத்தைக் காட்டிய படம் பழசானால் பெரும்பாலும் கேலிக்கூத்தாகிவிடுகிறது.

தமிழில் இந்தச் சோதனைக்கு உட்படுத்தத் தகுந்த ஆசாமி ஒருவன்தான். சிட்டி. 2010 அக்டோபர் 1 அன்று 'எந்திரன்' வெளியானபோது பத்து வயதாக இருந்தவர்கள் இன்று இருபதுகளின் நடுவில் இருக்கிறார்கள். அப்போது இருபத்தைந்தாக இருந்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். வண்டூர் பக்கத்தில் இந்தப் பேச்சு மூன்று பெயர்களில் நடக்க வாய்ப்புண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி அந்தமான் நிகோபாரில் தமிழர்கள் சுமார் 15 சதவீதம். வங்காளிகளும் இந்திக்காரர்களும் அவர்களைவிட அதிகம், தெலுங்கர்கள் சற்றே குறைவு. தமிழர் வீட்டில் 'எந்திரன்', அடுத்த வீட்டில் 'ரோபோட்', அதற்கடுத்த வீட்டில் 'ரோபோ'. ஆள் ஒருவன்தான்.

அவனுடைய வம்சாவளி சினிமாவில் தொடங்கவில்லை என்பது வாசகர்களுக்குத் தெரியும். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாய் வாலாட்டியது. பிறகு 'மீண்டும் ஜீனோ'. தூர்தர்ஷனில் அது தொடராகவும் வந்தது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி, அரசாங்க உத்தரவுப்படி இரண்டே எழுத்தில் பெயர்கள், பிள்ளை பெற அனுமதி கேட்கும் தம்பதி நிலா–சிபி, புத்தகம் படித்துப் படித்து எஜமானனைவிட அறிவாளியாகிவிடும் நாய். கதை நடப்பது 2021-22 வாக்கில். அதாவது அந்த எதிர்காலம் வந்து, கொரோனா தடுப்பூசி வரிசையில் நின்று, போயும்விட்டது.

இருந்தும் ஜீனோ தப்பித்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். ஒரு காரணம், அது தாளில் இருக்கிறது. ஜீனோவின் உருவத்தை ஒவ்வொரு வாசகரும் தனக்குத் தெரிந்த நாயைக் கொண்டு வரைந்துகொண்டார்கள். அந்த கிராஃபிக்ஸுக்கு வயதாவதில்லை. இன்னொரு காரணம் கதையின் மையத்தில் இருக்கும் ரகசியம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால் அதை உடைப்பதில் பாவமில்லை: நாட்டை ஆட்டிப்படைக்கும் ஜீவா ஒரு மனிதனே அல்ல, முப்பரிமாணப் பிம்பம். எழுதப்பட்டபோது இது கற்பனையின் உச்சம். 2014 மக்களவைத் தேர்தலில் ஹோலோகிராம் பிம்பங்கள் நிஜமாகவே மேடையேறின. 2024இல் மறைந்த தலைவர்கள் செயற்கை நுண்ணறிவின் தயவில் திரையில் பேசினார்கள். நாய் வராவிட்டாலும் பிம்பம் வந்துவிட்டது. ஜீனோவைத் திரும்பப் படிப்பதில் யாருக்கும் தயக்கம் தேவையில்லை.

தயக்கமெல்லாம் சிட்டி விஷயத்தில்தான். கமல்ஹாசனையும் ப்ரீத்தி ஜிந்தாவையும் வைத்துப் புகைப்படங்கள் எடுக்கும் வரை போய் நின்றுவிட்ட திட்டம் அது. பிறகு ஷாருக் கானிடம் போய்த் திரும்பி, கடைசியில் ரஜினிகாந்திடம் வந்து சேர்ந்தது. சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்று காலமானார், படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்பே. வசனத்தில் அவருடைய பெயருடன் ஷங்கர், மதன் கார்க்கி பெயர்களும் சேர்ந்துகொண்டன. வி. ஸ்ரீநிவாஸ் மோகனுக்குக் காட்சி ஜாலங்களுக்காகவும் சாபு சிரிலுக்குக் கலை வடிவமைப்புக்காகவும் தேசிய விருது கிடைத்தது.

அந்த ஜாலங்கள் இன்று எப்படி இருக்கின்றன? கைபேசியில் இதைவிடப் பெரிய பூதங்களை நாள் முழுக்க மோதவிடும் பிள்ளைகள், நூற்றுக்கணக்கான சிட்டிகள் ஒன்றுசேர்ந்து பந்தாகவும் பாம்பாகவும் மாறும் உச்சக்கட்டத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். அப்பாவுக்கு அது பிடிக்காது. பிள்ளை சிரிப்பது படத்தைப் பார்த்துதான் என்றாலும், அவருக்கு அது 2010இல் விசிலடித்த தன்னைப் பார்த்துச் சிரிப்பதுபோலவே இருக்கும். மறுபடி பார்க்க அஞ்சுபவர்கள் அஞ்சுவது பெரும்பாலும் படத்தின் தரத்துக்கு அல்ல, இந்தச் சிரிப்புக்குத்தான்.

ஆனால் அஞ்ச வேண்டிய இடம் அது இல்லை. பிரமாண்டம் பழசாகிவிட்டது, உண்மைதான். பழசாகாமல் நிற்பவை அன்று அவசரமாகக் கடந்துபோன காட்சிகள். தீப்பிடித்த குடியிருப்பில் சிட்டி ஒரு பெண்ணைக் காப்பாற்றித் தூக்கி வருகிறான். அவள் குளித்துக்கொண்டிருந்தவள். உயிரைக் காப்பாற்றத் தெரிந்த இயந்திரத்துக்கு மானம் என்றால் என்ன என்று தெரியாது. சுற்றிலும் காமிராக்கள். அவள் அங்கிருந்து ஓடி, வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். 2010இல் இது கதையில் ஒரு திருப்பம், அவ்வளவே. பெண்களின் பொய்ப் படங்களை இயந்திரங்கள் நொடியில் தயாரித்துத் தள்ளும் இன்றைய நாளில் அதைப் பார்ப்பது வேறு அனுபவம்.

இன்னொன்று: உருவாக்கிய விஞ்ஞானியையே குத்தும்படி சிட்டிக்குக் கட்டளை தரப்படுகிறது. அவன் தயங்காமல் கத்தியை ஓங்குகிறான். சொன்னதைச் செய்யும் இயந்திரம், எதைச் செய்யக் கூடாது என்று எப்படி அறியும்? 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்த பிறகு உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி இதுதான். கதாநாயகிக்குச் சிட்டி பரீட்சையில் விடை சொல்லிக்கொடுக்கும் காட்சிக்கு அன்று அரங்கமே சிரித்தது. இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளையுடன் உட்கார்ந்து பார்க்கும் பெற்றோருக்குச் சிரிப்பு வராது. பிள்ளைக்கு அது புதுசாகவும் இராது.

எல்லாமே இப்படி மேன்மை அடைந்துவிடவில்லை. சனாவை இரண்டு ஆண்களும், அதில் ஒருவர் இயந்திரம், பாகப்பிரிவினைச் சொத்துபோல இழுத்துக்கொள்வது அன்றே உறுத்தியிருக்க வேண்டும். இன்று நன்றாகவே உறுத்துகிறது. பாடல்கள் கதையை நிறுத்திவைத்து மலையேறப் போய்விடுகின்றன. சனாவைக் கடித்த கொசுவைத் தேடிப் போகும் காட்சி மட்டும், கொசுவும் மணல் ஈயும் மாலை நேரத்தை ஆளும் தீவுகளில், எந்தக் காலத்திலும் கைதட்டல் வாங்கும்.

ஆக, 'எந்திர'னைத் திரும்பப் பார்க்கலாம். கைவிட வேண்டியது அதன் நீட்சியை.

முதல் படம் எப்படி முடிகிறது என்பதை நினைவுபடுத்திக்கொண்டால் காரணம் விளங்கும். நீதிமன்றம் சிட்டியைப் பிரித்துப்போடச் சொல்கிறது. சிட்டி தன் கையாலேயே தன்னைக் கழற்றுகிறான், ஒவ்வொரு உறுப்பாக, பக்கத்தில் நிற்பவர்களுக்கு நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டே. பிறகு 2030. அருங்காட்சியகத்துக்கு வந்த பள்ளிக்கூடச் சிறுமி, இதை ஏன் பிரித்துவிட்டார்கள் என்று கேட்கிறாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தலை, தான் யோசிக்க ஆரம்பித்ததுதான் காரணம் என்கிறது. நேசத்துக்குரிய ஒன்றைக் கைவிடுவது எப்படி என்று தமிழ் சினிமா காட்டிய மிகச் சில காட்சிகளில் இது ஒன்று. அழுகை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை, கச்சிதம்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2018 நவம்பர் 29 அன்று வந்த '2.0' அந்தக் கழற்றிய பாகங்களைத் திரும்பப் பூட்டியது. 2030இல் துண்டுதுண்டாகக் கிடக்க வேண்டியவன் எழுந்து நின்றான். சுஜாதா இல்லாத இடத்தில் ஜெயமோகன் வசனம் எழுதினார். அக்‌ஷய் குமார் நடித்த பறவை ஆர்வலர் பக்‌ஷிராஜன், கைபேசிக் கோபுரங்களால் பறவைகள் மடிவதைத் தாங்காமல் ஒரு கோபுரத்திலேயே தூக்குப் போட்டுக்கொண்டு, பிறகு லட்சக்கணக்கான கைபேசிகளால் ஆன ராட்சதப் பறவையாகத் திரும்பி வருகிறார். கோபுரங்கள் பறவைகளைக் கொல்கின்றன என்பது விஞ்ஞானம் இன்னும் முடிவாகச் சொல்லாத விஷயம். கைபேசி நிறுவனங்களின் சங்கம் படத்துக்கு எதிராகத் தணிக்கைக் குழுவிடம் முறையிட்டது, விளம்பரத்துக்குத்தான் உதவியது.

அந்தமானிலிருந்து பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அலைபேசி அலைகளே எமன் என்று '2.0' திரையில் முழங்கி ஒரு மாதம்கூட முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. 2018 டிசம்பர் 30 அன்று கடலடிக் கேபிளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சிக்னல் சரியாகக் கிடைத்தால் போதும் என்று ஏங்கிக்கொண்டிருந்த தீவுகள் அதைக் கொண்டாடின. வேறெங்கும் காண முடியாத பறவை இனங்கள் பல இருப்பதும் இதே தீவுகளில்தான். பக்‌ஷிராஜனுக்கு இங்கே ரசிகர்களும் எதிரிகளும் ஒரே வீட்டில் இருப்பார்கள்.

'2.0' மோசமான படம் என்பதல்ல புகார். முப்பரிமாணத்தில் அது பல இடங்களில் அசத்தியது. புகார் என்னவென்றால், முதல் படம் முடிவில் செய்த தியாகத்தை அது செல்லாக் காசாக்கிவிட்டது. பிரித்துப்போட்டவனை எப்போது வேண்டுமானாலும் பூட்டலாம் என்றால், பிரித்தபோது ஏற்பட்ட துக்கத்துக்கு என்ன மதிப்பு? அந்தப் படமும் குட்டி எந்திரர்களைக் காட்டி '3.0'வுக்கு வாசலைத் திறந்துவைத்தே முடிகிறது. ஒரு கதை முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளும் பொறுப்பு தயாரிப்பாளர்களிடம் இல்லை, லாபம் அவர்களை விடாது. அது ரசிகர் தலையில்தான் விழுகிறது.

இதில் உலகத்துக்கே உதாரணம் 'ஸ்டார் வார்ஸ்'. அந்த ரசிகர்களின் துயரம் இன்னும் ஒரு படி மேல். அவர்கள் நேசித்த படமே அவர்களிடம் இல்லை. 1988இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் சென்று, பழைய படங்களை வெட்டி ஒட்டி வண்ணம் பூசித் திரிப்பது காட்டுமிராண்டித்தனம் என்று வாதாடியவர் ஜார்ஜ் லூகாஸ். அவரே 1997இல் தன் மூன்று படங்களையும் எடுத்து, புதுப் பிராணிகளைச் சேர்த்து, காட்சிகளைத் திருத்தி மறுபடி வெளியிட்டார். 1977 படத்தில் ஹான் சோலோ மதுக்கடையில் தன்னை மிரட்டும் க்ரீடோவை முந்திக்கொண்டு சுட்டுவிடுவான். புதிய பதிப்பில் க்ரீடோ முதலில் சுடுகிறான், ஹான் தற்காப்புக்குச் சுடுகிறான். போக்கிரி நல்லபிள்ளையாகிவிட்டான். 2004இல் மறுபடி திருத்தம். 2019இல் டிஸ்னியின் இணையத் திரைக்கு வந்தபோது அதே க்ரீடோ வாயில் யாருக்கும் புரியாத ஒரு வார்த்தை புதிதாக முளைத்திருந்தது. நடுவே, 2012இல், லூகாஸ் தன் நிறுவனத்தை 400 கோடி டாலருக்கு மேல் டிஸ்னிக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்.

எனவே கேபிள் வழியாக இன்று வண்டூரில் 'ஸ்டார் வார்ஸ்' பார்ப்பவர் 1977இல் உலகம் பார்த்ததைப் பார்க்கவில்லை. 2025 ஜூனில் லண்டனில் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் நடத்திய விழாவில் பழைய 1977 பிரதி ஒன்றைத் திரையிட்டது செய்தியானதற்குக் காரணம் இதுதான். நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முந்தைய படத்தை அன்று இருந்தபடியே பார்ப்பது அத்தனை அபூர்வம்.

வண்டூருக்கும் அந்தப் படங்களுக்கும் ஒரு தற்செயல் உறவு உண்டு. வண்டூர் கடலில் 15 தீவுகளையும் 281.5 சதுர கி.மீ. பரப்பையும் கொண்ட தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது 1983 மே 24 அன்று. இப்போது அதன் பெயர் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா. அதற்கு மறுநாள், மே 25, முதல் மூன்று படங்களில் கடைசியான 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடாய்' அமெரிக்காவில் வெளியானது. பூங்காவும் திரும்பப் பார்க்க ஆசைப்படுபவர்களின் தலம்தான். 'எந்திரன்' வந்த அதே 2010இல், ஏப்ரல்-மே மாதங்களில் கடல்நீர் சூடேறி அந்தமான் பவளப்பாறைகள் வெளுத்தன. பவளம் என்பது பூச்சி போன்ற சிற்றுயிர்களின் கூட்டம். அதற்கு நிறத்தையும் பெரும்பகுதி உணவையும் தருவது அதனுள்ளே குடியிருக்கும் நுண்பாசி. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது, வெள்ளை எலும்புக்கூடு தெரிகிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், பவளம் பிழைக்கும். நீடித்தால் செத்துவிடும். 2010க்கு முன் கண்ணாடி பதித்த படகில் குனிந்து பார்த்தவர் மறுபடி வரும்போது அன்று கண்ட அதே பாறை கீழே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பூங்கா நிர்வாகம் இதைக் கையாளும் விதம் கவனிக்கத் தக்கது. பயணிகள் விரும்பும் தீவுகள் ஜாலி பாய், ரெட் ஸ்கின் இரண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. நவம்பர் வாக்கில் தொடங்கி மே வரை ஜாலி பாய். மழை மாதங்களில் அது மூடப்பட்டு ரெட் ஸ்கின் திறக்கிறது. ஒன்றில் கால்கள் மிதிக்கும்போது மற்றொன்று மூச்சுவிட்டுக்கொள்கிறது. பிளாஸ்டிக் எடுத்துப்போகத் தடை. குறைகள் இருக்கலாம், ஆனால் பார்ப்பதா விடுவதா என்ற இரண்டே வழிகளில் மாட்டிக்கொண்டு தவிப்பவர்களுக்கு, வண்டூர் படகுத்துறையின் அறிவிப்புப் பலகை மூன்றாவது வழியைச் சொல்கிறது: இந்தப் பருவத்துக்கு மூடப்பட்டுள்ளது.

இதை வீட்டுக்குள் கொண்டுவருவது ஒன்றும் கடினமல்ல. வருடத்துக்கு நான்கு முறை தொலைக்காட்சியில் துண்டு துண்டாகப் பார்க்கும் படம் யாருடைய அன்பையும் தாங்காது. வசனங்கள் மீம்களாகி, மீம்கள் சலித்து, கடைசியில் சிட்டியின் முகமே சிரிப்பு மூட்டும் சின்னமாகிவிடுகிறது. ஐந்தாறு வருடம் தொடாமல் இருந்துவிட்டு ஒரு நீண்ட டிசம்பர் மாலையில் முழுப் படத்தையும் பார்ப்பவருக்குத்தான் தீ விபத்துக் காட்சி புதிதாய்ச் சுடும். பிள்ளைகளுடன் பார்ப்பதானால் முன்னுரை வேண்டாம். "அந்தக் காலத்தில் இதுதான் பெரிசு" என்று அப்பா ஆரம்பித்த நொடியில் படம் வழக்காகிவிடுகிறது, பிள்ளை நீதிபதியாகிவிடுகிறது. சிரித்தால் சிரிக்கட்டும். கத்திக் காட்சியில் அந்தப் பிள்ளை கேட்கப்போகும் கேள்விக்கு அப்பாவிடம் பதில் இருக்காது, அது வேறு விஷயம்.

கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். எட்டு மணிக்கு முன்பே அருங்காட்சியகம் வந்துவிடும், கண்ணாடிப் பெட்டியும் சிறுமியும் வந்துவிடுவார்கள். அதன் பிறகு பெயர்ப் பட்டியல் ஓடும். இணையத் திரைகள் பட்டியல் முடியும்வரை காத்திருப்பதில்லை. அடுத்து இதைப் பாருங்கள் என்று மூலையில் ஒரு கட்டம் முளைத்து, பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணத் தொடங்கிவிடும். ரிமோட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது நல்லது.